ஜூலை 1-ல் மாறும் நாற்காலி: ரோட்டரி சங்கம் எப்படி உருவானது, எப்படி இயங்குகிறது?

ஜூலை பிறந்தால் போதும், நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் ஒரே மாதிரியான செய்திகள் வரிசை கட்டும். திருமண மண்டப மேடை, பொன்னாடை, கழுத்தில் பட்டையான சங்கிலியோடு புதிய தலைவர், அப்புறம் நாலு பேருக்குத் தையல் இயந்திரம். படத்துக்குக் கீழே ஒரு வரி: "மாவட்ட ஆளுநர் பதவிப் பிரமாணம் செய்து வைத்தார்."

இந்த வரியில்தான் பலருக்குக் குழப்பம் தொடங்குகிறது. மாவட்டத்துக்கு ஆட்சியர்தானே உண்டு, ஆளுநர் எங்கிருந்து வந்தார்? இது அரசு அமைப்பா, தொண்டு நிறுவனமா, வசதியானவர்கள் கூடும் கிளப்பா? தையல் இயந்திரத்துக்குப் பணம் யாருடையது? போன வருடம் வேறொருவர் தலைவராக இருந்தாரே, அவர் தொடங்கிய வேலை என்ன ஆயிற்று?

கடைசிக் கேள்விதான் கனமானது. ரோட்டரியின் பலமும் பலவீனமும் அந்த ஒரு வருடக் கணக்கில் அடங்கியிருக்கின்றன. அதற்குப் போகும் முன், செய்தியில் வரும் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

செய்தியில் வரும் சொற்கள்

1. சேவைச் சங்கம்: உறுப்பினர்கள் தங்கள் கைப்பணத்தில் சந்தா கட்டி, குறிப்பிட்ட நாட்களில் கூடி, சம்பளம் வாங்காமல் ஊருக்கு வேலை செய்யும் அமைப்பு. தொண்டு நிறுவனங்களில் சம்பளத்துக்கு ஆட்கள் இருப்பார்கள். இங்கே மருந்துக்கடைக்காரரும் ஆடிட்டரும் பள்ளித் தாளாளரும் தங்கள் தொழிலைப் பார்த்துக்கொண்டே மிச்ச நேரத்தில் வேலை செய்கிறார்கள். நம் ஊர்களில் ரோட்டரி, அரிமா சங்கம் எனப்படும் லயன்ஸ், இளைஞர்களுக்கான ஜேசீஸ் மூன்றும் இந்த வகைதான்.

2. மாவட்டம்: வருவாய் மாவட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பக்கத்துப் பக்கத்து ஊர்ச் சங்கங்களைச் சேர்த்துக் கட்டிய நிர்வாகப் பகுதிக்கு ரோட்டரி வைத்த பெயர் அது. ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்க எண் உண்டு. சென்னைப் பகுதி பல ஆண்டுகள் 3230 என்ற எண்ணில் இருந்தது.

3. மாவட்ட ஆளுநர்: அந்தப் பகுதிச் சங்க உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுபவர். ஏற்கெனவே ஒரு சங்கத்துக்குத் தலைவராக இருந்திருக்க வேண்டும். அவருக்கும் சம்பளம் கிடையாது, பதவிக்காலம் ஓர் ஆண்டு. மாநில ஆளுநருக்கும் இவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

4. ரோட்டரி ஆண்டு: ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. ஊர்ச் சங்கத் தலைவர் தொடங்கி உலகத் தலைவர் வரை எல்லோரும் ஒரே நாளில் மாறுகிறார்கள். ஜூலையில் பதவியேற்புச் செய்திகள் குவிவதற்குக் காரணம் இதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவில் இலினாய் மாநிலத்து எவன்ஸ்டனில் உள்ள ரோட்டரி இன்டர்நேஷனல் என்ற தலைமை அமைப்புக்குத் தனிமனிதர்கள் உறுப்பினர்கள் அல்லர், சங்கங்கள்தான் உறுப்பினர்கள். மனிதர்கள் தங்கள் ஊர்ச் சங்கத்துக்குத்தான் உறுப்பினர்கள். அதனால் எந்த வேலையை எடுப்பது என்பதை ஊர்ச் சங்கமே தீர்மானிக்கிறது. மேலிருந்து உத்தரவு வந்து நடப்பது மிகக் குறைவு.

1905: நான்கு பேர், ஓர் அலுவலக அறை

பால் ஹாரிஸ் சிகாகோவில் வக்கீல் தொழில் பார்த்தவர். தாத்தா பாட்டியிடம் வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்ட் என்ற சிற்றூரில் வளர்ந்தவர். சிற்றூரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சிகாகோவில் தொழில் நடந்தது, ஆனால் பழக ஆள் இல்லை. 1905 பிப்ரவரி 23 அன்று யூனிட்டி கட்டடத்தின் 711-ஆம் எண் அறையில் நான்கு பேர் கூடினார்கள். ஹாரிஸ், சுரங்கப் பொறியாளர் குஸ்டாவஸ் லோயர், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, தையல் தொழில் செய்த ஹைரம் ஷோரி. அது லோயரின் அலுவலகம். அடுத்த கூட்டம் இன்னொருவர் இடத்தில், அதற்கடுத்தது வேறொருவர் இடத்தில் என்று சுற்றிச் சுற்றி வந்ததால் ரோட்டரி என்று பெயர் வைத்தார்கள். தமிழில் சிலர் சுழற்சங்கம் என்று எழுதுவது மிகப் பொருத்தம். சக்கரச் சின்னம் வந்ததும் இந்தச் சுழற்சியால்தான்.

தொடக்கத்தில் சேவை என்ற பேச்சே இல்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று சேர்த்தார்கள். வக்கீல் தேவையென்றால் சங்கத்து வக்கீல், கோட்டு தைக்கச் சங்கத்துத் தையல்காரர். நட்பும் வியாபாரமும் ஒன்றாகப் போயின. 1906-ல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேர அழைத்தபோது, தங்களுக்குள் மட்டும் கொடுத்து வாங்கிக்கொள்ளும் சங்கம் நிலைக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று அவர் சொன்னார். ரோட்டரியின் திருப்புமுனை இந்த இடம்தான் என்பது என் கருத்து.

அந்தப் பேச்சுக்குப் பிறகு, 1907-ல் எடுத்த முதல் சேவைப் பணி எது தெரியுமா? பொதுக் கழிப்பறை. சிகாகோ நகருக்குள் சாமான் வாங்க வரும் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒதுங்க இடம் இல்லை. மதுக்கடைக்குள்ளோ பெரிய கடைகளுக்குள்ளோதான் போக வேண்டும். சங்கத்தார் மற்ற அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சியை விடாமல் வற்புறுத்தி, 1909-ல் நகர மன்றத்தின் அருகே கழிப்பறையைத் திறக்க வைத்தார்கள். சங்கம் தன் கைக்காசில் எல்லாவற்றையும் கட்டி முடிக்கவில்லை. அரசைச் செய்ய வைத்தது. நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ரோட்டரியின் நல்ல பணிகள் எல்லாவற்றிலும் இந்த வழிதான் தெரிகிறது.

1908-ல் சான் பிரான்சிஸ்கோ, 1910-ல் கனடாவின் வின்னிபெக், 1911-ல் டப்ளின் என்று சங்கங்கள் பரவின. இந்தியாவில் முதல் சங்கம் கல்கத்தாவில் 1919-ல் அமைந்து, 1920-ல் தலைமை அமைப்பின் அங்கீகாரமான பட்டயத்தைப் பெற்றது. மெட்ராஸ் ரோட்டரி சங்கமும் கொழும்புச் சங்கமும் 1929-ல் பிறந்தவை. அந்தக் கொழும்புச் சங்கத்தைச் சேர்ந்த கே. ஆர். ரவீந்திரன் 2015-16-ல் உலகத் தலைவராக இருந்தார். இந்தியாவிலிருந்து முதலில் அந்த இடத்துக்குப் போனவர் கல்கத்தாவின் நிதீஷ் லஹாரி, 1962-63-ல். இன்று 200-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் நிலப்பகுதிகளிலும் சுமார் 12 லட்சம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள்.

லயன்ஸ் 1917-ல் தொடங்கியது. 1925-ல் அவர்களது மாநாட்டுக்கு வந்த ஹெலன் கெல்லர், பார்வையற்றவர்களுக்குத் துணை நிற்கும் வீரர்களாக நீங்கள் இருக்க வேண்டும் என்று கேட்டார். அரிமா சங்கம் என்றாலே கண் சிகிச்சை முகாம் நினைவுக்கு வருவது அந்த வேண்டுகோளின் தொடர்ச்சி.

கூட்டத்தில் படிக்கும் நான்கு கேள்விகள்

ரோட்டரிக் கூட்டத்துக்குப் போனால், தலைவர் மேசைமேல் இருக்கும் மணியை அடித்துத் தொடங்குவார். பல சங்கங்களில் நான்கு கேள்விகளை எல்லோரும் சேர்ந்து படிப்பார்கள். இது உண்மையா? சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நியாயமானதா? நல்லெண்ணத்தையும் நட்பையும் வளர்க்குமா? எல்லோருக்கும் நன்மை தருமா?

கேட்பதற்கு நீதிபோதனை வகுப்பு மாதிரி இருக்கும். ஆனால் இது பிறந்தது ஒரு பாத்திரக் கம்பெனியில். 1932, அமெரிக்காவில் பொருளாதாரம் நொறுங்கிக் கிடந்த நேரம். சிகாகோவில் திவாலாகும் நிலையில் இருந்த அலுமினியப் பாத்திர நிறுவனம் ஒன்றை ஹெர்பர்ட் டெய்லர் ஏற்று நடத்தினார். விளம்பரம் முதல் விற்பனை வரை ஊழியர்கள் எல்லாவற்றையும் உரசிப் பார்க்க ஒரு சின்ன அளவுகோலாக இந்தக் கேள்விகளை எழுதினார். 1943-ல் ரோட்டரி இவற்றைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. 'தன்னலத்துக்கு மேல் சேவை' என்பது சங்கத்தின் முதன்மை முழக்கம்.

பெண்களுக்குக் கதவு திறந்த கதை

எல்லோருக்கும் நியாயமானதா என்று வாராவாரம் படித்த சங்கம், 80 ஆண்டுகளுக்கும் மேல் பெண்களைச் சேர்க்கவில்லை. உறுப்பினரின் மனைவிக்கு 'ஆன்' என்று ஒரு பெயர் இருந்தது. நம் ஊர்ச் சங்கங்களில் இன்றைக்கும் 'ஆன்ஸ்' என்ற சொல் புழக்கத்தில் இருக்கிறது. விருந்துக்கு வரலாம், முகாமில் வேலை செய்யலாம், உறுப்பினராக முடியாது.

1977-ல் கலிஃபோர்னியாவின் டுவார்ட்டே என்ற சிறு ஊர்ச் சங்கத்தில் ஆள் குறைந்தது. அவர்கள் மூன்று பெண்களை உறுப்பினராகச் சேர்த்தார்கள். தலைமை அமைப்பு 1978-ல் அந்தச் சங்கத்தின் பட்டயத்தையே ரத்து செய்தது. டுவார்ட்டேகாரர்கள் பணியவில்லை. ரோட்டரிச் சின்னத்தின்மேல் பெருக்கல் குறி போட்ட பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டு கூட்டத்தைத் தொடர்ந்து நடத்தினார்கள், வழக்கும் போட்டார்கள். 1987 மே 4 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பாலினத்தைக் காரணம் காட்டி விலக்கக் கூடாது. அதே ஆண்டு அந்தச் சங்கத்தின் தலைவரானார் சில்வியா விட்லாக் என்ற பெண்மணி. 1989-ல் உலக அளவில் விதி திருத்தப்பட்டது. உலகத் தலைவர் நாற்காலியில் ஒரு பெண், கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸ், அமர்வதற்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஓர் ஊர்ச் சங்கத்தின் பிடிவாதம் உலக அமைப்பின் விதியை மாற்றியது என்பதற்காகவே இந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னேன்.

பணம் எங்கிருந்து வருகிறது?

இங்கே மூன்று வழிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. சந்தா. உறுப்பினர்கள் கட்டுவது. கூட்டச் செலவு, சாப்பாடு, தலைமை அமைப்புக்கும் மாவட்டத்துக்கும் தர வேண்டிய தொகை எல்லாம் இதில் போகும்.

2. ஊருக்குள் திரட்டும் நன்கொடை. உறுப்பினர் ஒருவரே தையல் இயந்திரத்துக்குப் பணம் கொடுப்பது, நிகழ்ச்சி நடத்தி டிக்கெட் விற்பது, நிறுவனங்களிடம் கேட்பது எல்லாம் இதில் சேரும். செய்திகளில் வரும் சின்ன உதவிகள் பெரும்பாலும் இந்தப் பணத்தில்தான் நடக்கின்றன.

3. ரோட்டரி பவுண்டேஷன். இது தனி அறக்கட்டளை. 1917-ல் ஆர்ச் க்ளம்ஃப் என்ற தலைவர் இதற்கான யோசனையை வைத்தார்; அடுத்த ஆண்டு கான்சாஸ் சிட்டி சங்கத்திலிருந்து வந்த முதல் நன்கொடை 26 டாலர் 50 சென்ட். உறுப்பினர்கள் ஆண்டு நிதிக்குக் கொடுப்பது மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருக்கும். அதன்பின் ஏறத்தாழ பாதி அந்தந்த மாவட்டத்தின் பயன்பாட்டுக்குத் திரும்பும், மீதி உலகப் பொது நிதிக்குப் போகும். ஒருவர் பெயரில் 1,000 டாலர் சேர்ந்தால் அவருக்கு 'பால் ஹாரிஸ் ஃபெல்லோ' என்ற கௌரவம் தருவார்கள். பதவியேற்புச் செய்திகளில் பெயருக்குப் பின்னால் வரும் பி.எச்.எஃப். இதுதான், படித்து வாங்கிய பட்டம் இல்லை.

மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் பக்கத்துச் சுவரில் நம் ஊர்ச் சங்கத்தின் பெயரோடு ஏதோ ஒரு வெளிநாட்டுச் சங்கத்தின் பெயரும் பலகையில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 'குளோபல் கிராண்ட்' என்ற உதவித்தொகையின் அடையாளம். குறைந்தது 30,000 டாலர் மதிப்புள்ள பணிக்குத்தான் அது கிடைக்கும். வேலை நடக்கும் நாட்டுச் சங்கம் ஒன்றும் வேறு நாட்டுச் சங்கம் ஒன்றும் சேர்ந்து விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு உண்மையில் என்ன தேவை என்று முன்கூட்டியே ஆய்ந்து காட்ட வேண்டும், பணம் தீர்ந்த பிறகு வேலை எப்படித் தொடரும் என்றும் எழுதித் தர வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனை ஏன் வந்தது என்பது அடுத்த பகுதியில் புரியும்.

ஒரு வருடத் தலைவர்

தலைவரின் கழுத்துச் சங்கிலியைக் கிட்டப் போய்ப் பார்த்தால், பல சங்கங்களில் அதில் சின்னச் சின்னத் தகடுகள் கோத்திருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு பெயர், ஓர் ஆண்டு. பழைய சங்கம் என்றால் சங்கிலி நெஞ்சு வரை கனமாகத் தொங்கும். அத்தனை பேரும் 12 மாதம்தான் இருந்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் நன்மைகள் உண்டு. சங்கம் ஒருவரின் சொத்தாக மாறுவதில்லை. பத்து வருடத்தில் பத்துப் பேர் மேடையில் பேசவும் கணக்கு நடத்தவும் ஆட்களை வேலை வாங்கவும் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த தலைவர் முன்கூட்டியே தேர்வாகிவிடுவதால், பதவியேற்கும் முன் பயிற்சிக்கும் போய்வர வேண்டும்.

கேடும் இதே இடத்தில்தான் இருக்கிறது. புதியவர் ஒவ்வொருவருக்கும் தன் ஆண்டில், தன் பெயரில் ஒரு பணி வேண்டும். ஜூலையில் திட்டமிட்டு, மார்ச்சுக்குள் முடித்து, மே மாதம் விருதுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே ஒரு நாளில் முடிகிற வேலைகள், படம் எடுக்கத் தோதான வேலைகள் முன்னுக்கு வருகின்றன. பள்ளியில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி வைப்பது எளிது. அதன் வடிகட்டியை மாற்றும் நாளில் வைத்தவர் முன்னாள் தலைவராகியிருப்பார், பராமரிப்புக்கு வரவுசெலவில் இடம் இருக்காது. மரக்கன்று நடுபவர் ஜூலைத் தலைவர், அது காய்வது அடுத்த ஏப்ரலில். நல்ல மனம் உள்ளவர்கள்தான் இதையெல்லாம் செய்கிறார்கள். ஓர் ஆண்டு என்ற கணக்கு அவர்களைக் குறுக்கிவிடுகிறது.

ஆகவே ஒரு சேவைச் சங்கத்தை எடைபோட, நான் பார்க்கச் சொல்வது ஒன்றைத்தான்: தலைவர் மாறிய பிறகும் மாறாமல் நிற்கிற வேலை எது?

மாறாமல் நின்ற வேலை: வேலூரிலிருந்து ஹௌரா வரை

அதற்குப் பெரிய பதில் போலியோ. அதில் நம் வேலூருக்கு ஒரு பங்கு இருக்கிறது என்பது தமிழ்நாட்டிலேயே பலருக்குத் தெரிவதில்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் ஒரு சிக்கலைக் கண்டார். குளிர் நாடுகளில் மூன்று தவணை சொட்டு மருந்து போதுமானதாக இருந்தது. நம் ஊர்க் குழந்தைகளில் பலருக்கு மூன்று தவணைக்குப் பிறகும் எதிர்ப்புச் சக்தி வரவில்லை. கூடுதல் தவணைகள் தேவைப்பட்டன. வேறொரு வாய்ப்பும் இருந்தது. சொட்டு மருந்தில் இருப்பது வலுவிழக்கச் செய்த உயிருள்ள வைரஸ். ஊரில் உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் கொடுத்தால், எல்லோர் குடலிலும் அதுவே நிரம்பி, நோய் தரும் வைரஸுக்குக் குடியிருக்க இடம் இல்லாமல் போகும். சில வார இடைவெளியில் நாடித்துடிப்பு போல இதைத் திரும்பத் திரும்பச் செய்வதால் 'பல்ஸ்' முறை என்று பெயர்.

இதில் கஷ்டம் மருந்தில் இல்லை, 'ஒரே நேரத்தில் எல்லோரும்' என்பதில்தான். ஆய்வகத்தில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது. தெருத்தெருவாக ஆள் வேண்டும், வண்டி வேண்டும், ஐஸ் பெட்டி வேண்டும், வீட்டுப் பெண்களிடம் சொன்னால் கேட்கும் முகங்கள் வேண்டும். 1980களின் தொடக்கத்தில் வேலூர் ரோட்டரி சங்கம் இந்த முயற்சியில் கைகோத்தது. வேலூர் நகரில் போலியோ கட்டுக்குள் வந்தது. அதன் முடிவுகள் 1983-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியாயின.

அதே காலத்தில் ரோட்டரியும் உலக அளவில் இதே திசையில் நடந்துகொண்டிருந்தது. 1979-ல் பிலிப்பைன்ஸில் சுமார் 60 லட்சம் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து தரும் பணியை எடுத்தது. 1985-ல் 'போலியோபிளஸ்' என்ற பெயரில் 12 கோடி டாலர் திரட்ட இலக்கு வைத்து, 1988-க்குள் 24.7 கோடி டாலர் திரட்டியது. 1988-ல் உலக சுகாதாரப் பேரவை போலியோவை ஒழிக்கத் தீர்மானித்தபோது, 125 நாடுகளில் ஆண்டுக்கு 3,50,000 குழந்தைகள் பாதிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தியா முழுவதற்குமான முதல் பல்ஸ் போலியோ நாள் 1995 டிசம்பர் 9. அப்புறம் அது நம் வீட்டு நிகழ்ச்சியாகவே ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் ஒரு மேசை, வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் குழந்தை, இரண்டு சொட்டு, இடதுகைச் சுண்டுவிரலில் மை. குப்பியின்மேல் ஒரு வட்டத்துக்குள் சின்னச் சதுரம் இருக்கும். மருந்து வெப்பம் பட்டுக் கெட்டால் அந்தச் சதுரம் கறுக்கும், அந்தக் குப்பியை ஒதுக்கிவிடுவார்கள். மருந்தும் செவிலியரும் அரசுடையது. பந்தல், சாப்பாடு, விளம்பரம், வண்டி, ஆள் துணை ஆகியவற்றில் ஊர்ச் சங்கங்கள் தோள் கொடுத்தன.

ஆனாலும் எளிதில் முடியவில்லை. தமிழ்நாட்டில் கடைசியாகப் போலியோ கண்டறியப்பட்டது 2004-ல். உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வைரஸ் விடாப்பிடியாக இருந்தது. சொட்டு மருந்து கொடுத்தால் பிள்ளை பிறக்காது என்ற வதந்தி பரவிய இடங்களில், முஸ்லிம் மார்க்க அறிஞர்களைச் சேர்த்து ரோட்டரி ஒரு குழு அமைத்தது. அவர்கள் சொன்ன பிறகு கதவுகள் திறந்தன. 2009-ல்கூட இந்தியாவில் 741 பேர் பாதிக்கப்பட்டார்கள், உலகிலேயே அதிகம். 2010-ல் அது 42 ஆனது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு சிறுமிக்கு வந்ததுதான் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் இந்தியாவில் நேர்ந்த கடைசி நிகழ்வு. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குப் போலியோ அற்றது என்ற சான்றிதழ் தந்தது.

1979-லிருந்து 2014 வரை 35 ஆண்டுகள். இந்தக் காலத்தில் ஒவ்வொரு சங்கத்திலும் 35 முறை தலைவர் நாற்காலி மாறியிருக்கிறது. வேலை எப்படி நிலைத்து நின்றது? போலியோவை அந்த நாற்காலியோடு கட்டாமல் விட்டதுதான் காரணம். அதற்குத் தனி நிதி, தனிக் குழுக்கள். இந்தியாவுக்கான தேசிய போலியோபிளஸ் குழுவின் தலைமையை 2001-ல் ஏற்ற தீபக் கபூர் பத்தாண்டுக்கும் மேல் அந்தப் பொறுப்பில் இருந்தார். ஒரு வருடச் சக்கரத்துக்கு வெளியே நின்று ஒருவர் வேலையைச் சுமக்க விட்டதால் அது முடிந்தது.

உங்கள் பள்ளிக்கோ தெருவுக்கோ ஒரு சங்கம் வந்தால்

உதவி தர வரும் எந்தச் சங்கத்திடமும், மரியாதையாகவே, இவற்றைக் கேட்கலாம். நல்ல சங்கம் வருத்தப்படாது.

1. இது எங்களுக்குத் தேவை என்று எப்படி முடிவு செய்தீர்கள்? கணினி தர வருகிறார்கள், பள்ளிக்குத் தேவை சுற்றுச்சுவர் என்றால் அதை அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

2. அரசுத் துறையிடம் பேசிவிட்டீர்களா? நகராட்சியின் தண்ணீர் இணைப்பு இல்லாத கழிப்பறையைக் கட்டி என்ன பயன்? சிகாகோவில் செய்ததுபோல் அதிகாரியிடம் மனுக் கொடுக்கக் கூடவே வரச் சொல்லலாம். அவர்களில் வக்கீலும் பொறியாளரும் ஆடிட்டரும் இருக்கிறார்கள். பணத்தைவிட அந்தத் துணை பெரியது.

3. பழுதானால் யாரைக் கூப்பிடுவது? தலைவரின் செல்போன் எண் ஜூலைக்குப் பிறகு பயன்படாமல் போகலாம். குறைந்தது மூன்று வருடத்துக்குப் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரையும், பராமரிப்புக்கு ஒதுக்கிய தொகையையும், அடுத்த ஆண்டுத் தலைவரின் கையெழுத்தையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி வாங்கித் தலைமையாசிரியர் அறையில் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.